மூலை அறையின் அவகாசம்

எழுபதுகளின் நடுவில் நான் ஓர் உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். ஊர் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நல்லேப்பிள்ளி. வயலை அண்ணன் பார்த்துக்கொண்டார். எனக்குப் படிப்பு வந்ததால் விவசாயக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். படித்து முடித்ததும் மூட்டைகளில் அடைத்த உரத்தை மற்றவர்கள் வயலில் கொட்டச் சொல்லும் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்குப் பஸ் ஏறுவேன். அங்கிருந்து ஜீப் பிடித்து ஒருநாள் வட்டவடைக்கு, பூண்டும் காரட்டும் போடுகிறவர்களைப் பார்க்க. இன்னொரு நாள் சின்னக்கானல் பக்கம், ஏலத் தோட்டக்காரர்களைப் பார்க்க. ராத்திரிக்குத் திரும்பி வந்து மூணாறில் ஒரு லாட்ஜில் படுப்பேன்.

அந்த லாட்ஜைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது என் மனைவி இல்லை. அவள் இருந்தபோது இதை எழுதியிருந்தால் அவள் படித்திருப்பாள், அதற்குப் பயந்தேன். அவள் படிக்க மாட்டாள் என்று ஆன பிறகு எழுதுகிறேன். இதில் தைரியம் ஒன்றுமில்லை.

லாட்ஜ் கடைவீதிக்கு மேலே சரிவில் இருந்தது. தகரக் கூரை, மரப் படிக்கட்டு, மாடியில் ஒரு மூலை அறை. அந்த அறைக்கு இரண்டு பக்கமும் சன்னல். ஒரு பக்கம் ஆறும், மறுபக்கம் தேயிலைச் சரிவும் தெரியும். கணப்பு அடுப்பு உள்ள அறை அது ஒன்றுதான். எதிரே புதிதாக ஒரு லாட்ஜ் திறந்து, எங்களைப் போன்ற கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவ ஆரம்பித்ததும், கோட்டயம் பக்கத்துக்காரரான முதலாளி ஒரு யோசனை செய்தார். மாதாமாதம் வந்து தங்குகிறவர்களைப் ‘பதிவுக்காரர்’ என்று சேர்த்துக்கொண்டார். மலையாளத்தில் பதிவு என்றால் வாடிக்கை. கவுண்டருக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட் அடித்த பலகை ஒன்று வந்தது. ‘பதிவுக்காருடெ அவகாசங்ஙள்’ என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது. காலையில் ஒரு வாளி வெந்நீர், படுக்கைக்கே காப்பி. லாட்ஜ் நிறைந்திருந்தாலும் பதிவுக்காரர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மூலை அறை அவருக்குத்தான். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்து ஓர் இரவு அதில் வாடகை இல்லாமல் தங்கலாம்.

அவகாசம் என்ற சொல்லை இங்கே விளக்கிவிட வேண்டும். நமக்கு அது நேரம். ‘கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்கிறோம். மலையாளத்தில் அது உரிமை. எங்கள் பக்கத்தில் இரண்டு பாஷையும் ஒரே வாயில் புழங்குவதால் நாங்கள் குழம்புவதில்லை. யார் சொல்கிறார், எங்கே சொல்கிறார் என்பதைப் பார்த்து எடுத்துக்கொள்வோம்.

பலகையில் எழுதியது பலகையோடு நின்றது. வெந்நீர் கேட்டால் ‘விறகு நனைஞ்ஞு போயி சாரே’ என்பார் மேனேஜர். காப்பி வரும், நாம் சட்டை போட்டு, பை கட்டி, படியிறங்கும்போது எதிரே வரும். மூலை அறையைக் கேட்டால் முதலாளியின் மச்சினன் வந்திருப்பார். அவருக்கு எத்தனை மச்சினன்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் எங்களோடு தங்குவார், பாலக்காட்டுக் கோயில் தெருவில் பிறந்தவர். அவர் சொல்லுவார்: “ஓய், அந்தப் பலகைக்குச் சூடம் காட்டலாம், ரெண்டு பூப் போடலாம். வெந்நீர் மட்டும் கேக்கப்படாது. தெய்வக் குத்தம் ஆயிடும்.”

மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எனக்கு எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி நடத்த வேண்டும் என்று ஒரு பிடிவாதம். சத்தம் போட மாட்டேன். காலி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து கவுண்டர் மேலேயே வைப்பேன். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, பலகையை முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிப்பேன். புதிதாக அறை கேட்டு வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் வெந்நீர் வந்துவிடும். மேனேஜர் எனக்கு ‘அவகாசம் சார்’ என்று பெயர் வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை வீட்டிலும் வந்து சொன்னேன்.

“உங்களுக்கு அங்க மட்டும்தான் அவகாசமுங்க” என்றாள் மனைவி. “அடுத்த தடவை வாரப்ப ஊட்டுக்கும் கொஞ்சூண்டு கொண்டாந்து போடுங்க.”

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் பையை எடுக்கும்போது இதைச் சொல்வாள். பூண்டு கொண்டுவரச் சொல்வதைப்போலச் சொல்வாள்.

பிறகு எங்கள் முதல் குழந்தை பிறந்து, அழாமலே போயிற்று. ஆண் குழந்தை. நான் அப்போது வட்டவடையில் இருந்தேன். செய்தி வந்து நான் ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேலி மட்டும் நின்றுபோனது. நான் பையை எடுத்தால் டிபன் பாத்திரத்தை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஊட்டுக்குக் கொஞ்சூண்டு கொண்டாங்க என்ற அந்தக் குரலுக்காக நான் வாசலில் கொஞ்சம் நின்று பார்ப்பேன். வராது.

அப்படியே பல மாதம் போனது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல இடம் அந்த மூலை அறை ஒன்றுதான். சன்னலைத் திறந்து வைத்தால் மேகம் அறைக்குள் வரும் என்று அவளிடம் முன்னே சொல்லியிருந்தேன். அங்கே ஓர் இரவு அவளை அழைத்துப் போனால் பழைய ஆளாகிவிடுவாள் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. விழுந்தது வளர்ந்து, அதைத் தவிர வேறு மருந்தே இல்லை என்று ஆகிவிட்டது. முந்தின மாதம் போனபோதே மேனேஜரிடம் தேதியைச் சொல்லி, அடுத்த முறை குடும்பத்தோடு வருகிறேன், மூலை அறை வேண்டும் என்றேன். “உறப்பு சாரே” என்றார். உறுதி என்று அர்த்தம்.

அவள் வருகிறேன் என்று சொன்னதே எனக்குப் பெரிய விஷயம். சின்னாறு தாண்டி மலை ஏறும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். மறையூரில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, சுக்குக் காப்பி குடித்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகு, வெளியே தேயிலை தெரிய ஆரம்பித்ததும், சன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“ஏனுங்க, மெய்யாலுமே மேகம் ரூம்புக்குள்ள வருங்களா?”

“வரும்.”

“துணியெல்லாம் நனைஞ்சு போகாதுங்களா?”

“நனையும்.”

“அப்ப கொடி கட்டி, மேகத்தக் காயப் போடோணும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்னச் சிரிப்புத்தான். பேசினால் அது கலைந்துவிடும் என்று பயந்தேன்.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகவில்லை, ஆனால் மழை இருட்டு. அவளை வாசலோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். மேனேஜர் தலையைச் சொறிந்தபடி குரலைத் தாழ்த்தினார். மூலை அறையில் ஆள் இருந்தது.

“மச்சினனா?” என்றேன்.

“அல்ல சாரே. எஸ்டேட்டிலெ ஒரு தமிழன். பெண்ணு கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் நாளெ வரான் பறஞ்ஞு. திரிச்சுப் போகான் ஜீப்பில்லா, மழயும். வேறெ ரூம் இல்லா. ஞான் என்து செய்யும்?”

ஆஸ்பத்திரியில் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போக ஜீப் இல்லை. வேறு அறை இல்லை. நான் என்ன செய்வேன் என்கிறார். நியாயமான பேச்சு. எனக்கு அது அப்போதும் தெரிந்தது. ஆனால் நான் பலகையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மாடியிலிருந்து அவனே இறங்கி வந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கையில் ஒரு சொம்பு.

“ஐயா, வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வேணும்.”

மேனேஜர் எரிச்சலில் இருந்தார். “சூடு வெள்ளம் பதிவுக்காருக்கு மாத்ரம்” என்றார்.

அவன் முகம் மாறியது. வாசலைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “சார் தமிழா? வெள்ளம் வருதுன்னா சொல்லுதாக?”

நான் சிரித்துவிட்டேன். பின்னால் பெஞ்சில் என் மனைவியும் சிரித்தது காதில் விழுந்தது. “வெள்ளம்னா இவங்களுக்குத் தண்ணி” என்றேன். “ஆத்து வெள்ளம் இல்ல. பயப்படாதீங்க.”

அவனும் சிரித்தான். “ஏசப்பா, ஒரு நிமிசம் உசுரு போயிட்டு சார். கிறிஸ்மஸ் கழிஞ்சுதான் சங்கரங்கோயில் பக்கமிருந்து மலையேறுனோம். எஸ்டேட் லயத்து வீடுகள்ல பூராவும் நம்ம ஆளுக. இந்தப் பேச்சு இன்னும் பிடிபட மாட்டேங்கு.”

நான் மேனேஜரிடம் திரும்பி, எனக்கு உள்ள வெந்நீரை இவருக்குக் கொடுங்கள் என்றேன். சொம்பு நிரம்பியது. அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினான். எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் இன்னும் பெருமை.

அவன் போனதும் மேனேஜரிடம் மறுபடி பேசினேன், பெஞ்சுக்குக் கேட்காத தாழ்ந்த குரலில். முந்தின மாதமே சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். உறப்பு என்று அவர் சொன்னதை நினைவூட்டினேன். முதலாளிக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசட்டுமா என்று கேட்டேன். பிறகு, வெட்கத்தோடு எழுதுகிறேன், பலகையை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

அவளிடம் போய், “இன்றைக்கு அறை இல்லை, ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்திருக்கிறார்கள்” என்று சொல்லியிருக்கலாம். அவள் “செரிங்க” என்றிருப்பாள். எதிர் லாட்ஜில் ஏதாவது ஓர் இருட்டறை கிடைத்திருக்கும். ஆனால் பஸ்ஸில் வந்த அந்தச் சிரிப்பு, மேகத்தைக் காயப் போடுவது, அதற்கு என் பதில் இந்த அறைதான் என்று இருந்தேன். அதோடு, கர்ப்பிணி என்ற சொல்லை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டும் உண்மை. எது முதல் என்று எனக்கே தெரியாது.

“வரூ சாரே, நிங்ஙள் தன்னெ வந்நு பறயூ” என்று எழுந்தார் மேனேஜர். நீங்களே வந்து சொல்லுங்கள் என்கிறார். அவர் பின்னால் மாடியேறினேன்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பெண் எங்களைக் கண்டதும் எழ முயன்றாள். நிறைமாதத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். அடுப்பில் விறகு இருந்தது, மூட்டவில்லை. மேனேஜர் நான் சொல்வேன் என்று ஒரு கணம் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவரே சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, அவருக்கும் அது பிடிக்காத வேலை. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இவிடெ நிங்ஙள்க்கு அவகாசமில்லா. வேகம் எறங்ஙணம்.”

இங்கே உங்களுக்கு உரிமை இல்லை, சீக்கிரம் இறங்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னார்.

அவன் நின்றபடியே வெளுத்துப்போனான். பெண்ணைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான், கீழே வெள்ளத்துக்கு அர்த்தம் கேட்டதுபோலவே.

“சார், அவகாசம் இல்லைன்னா சொல்லுதாக?”

அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் வயிற்றைப் பார்த்து, நேரம் கிட்டிவிட்டது, உடனே கிளம்பு என்கிறார் என்று நினைக்கிறான். ஒரு வரி சொன்னால் போதும். இவருக்கு அவகாசம்னா உரிமை, அறையைக் காலி பண்ணச் சொல்கிறார், காரணம் நான்தான். இதைச் சொல்லியிருந்தால் அவன் கெஞ்சியிருப்பான். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு அந்த அறையை என்னால் எடுத்திருக்க முடியாது.

“ஆமா” என்றேன். “அவகாசம் இல்லைன்னுதான் சொல்றார்.”

நான் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன சொல்லையே சொன்னேன். ரொம்ப வருஷம் எனக்கு நானே இப்படித்தான் வாதாடிக்கொண்டேன்.

அவன் கம்பளியை எடுத்து அவள்மேல் போர்த்தினான். துணி மூட்டையைத் தோளில் போட்டான். அவளைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினான். அவள் “மெதுவா, மெதுவா” என்றாள். நான் பின்னால் வந்தேன். கீழே என் மனைவி எழுந்து நின்றாள். வயிற்றைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

“அவகாசம் இல்லையாம்க்கா” என்றான் அவன். “எங்களுக்காக வேண்டிக்கோங்க.”

என்னிடம் திரும்பி, “நல்லா இருப்பீங்க சார்” என்றான். ஓட்டமும் நடையுமாக மழையில் இறங்கினார்கள்.

என் மனைவி அந்த வாசலிலேயே நின்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு அசைந்தது. குழந்தை போன பிறகு அவள் எந்தச் சாமியையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து நீட்டினார்.

அறை சொன்னது சொன்னபடி இருந்தது. அடுப்பை மூட்டினார்கள். கேட்காமலே காப்பி வந்தது, சுடச்சுட வந்தது. நான் சன்னலைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மேகம் சரிவிலிருந்து எழுந்து வந்து, சன்னல் விளிம்பில் தயங்கி, உள்ளே வந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் படுத்துக் கசங்கிய இடத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

“வலி வந்துபோட்டுதுங்களா அந்தப் புள்ளைக்கு?”

“ம்” என்றேன். அது பொய்.

“நல்லபடியாப் பொறந்துரோணும்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அழோணும்” என்றாள்.

அடுப்பில் முதல் கட்டை எரிந்து விழுந்தபோது கீழே பேச்சுக் குரல் கேட்டது. மரப் படிக்கட்டு உள்ள வீட்டில் கீழே பேசுவது மாடிக்கு அப்படியே வரும். அவன் குரல். மூச்சு வாங்கினாலும் சந்தோஷமாக இருந்தது.

“ஐயா, அவகாசம் இருக்காம்! டாக்டரம்மா பாத்துட்டாக. இன்னும் அவகாசம் இருக்குன்னுட்டாக. காலைல வந்தாப் போதுமாம். ரூமுக்குப் போறோம்யா. இவ நனைஞ்சு போயிட்டா.”

மேனேஜரின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே போன ஆள் திரும்பி வந்து, எனக்கு உரிமை இருக்கிறது, டாக்டரே சொல்லிவிட்டார் என்கிறான்.

“அவகாசமோ?” என்று கத்தினார். “ஏது அவகாசம்? டாக்டரோ தரும் என்டெ லாட்ஜில் அவகாசம்? ஆ ரூமின்டெ அவகாசம் மேலெயுள்ள சாரினா. போ, போ.” அந்த அறையின் உரிமை மேலே இருக்கிற சாருக்கு என்கிறார்.

அவன் குரல் குழம்பியது. “இல்லைய்யா, நெசமா அவகாசம் இருக்கு. நீங்க சொன்னீகன்னுதான் ஓடுனோம்...”

என் மனைவியின் கை நின்றது. நல்லேப்பிள்ளியில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிட நன்றாக மலையாளம் பேசுவாள். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முதலில் கேள்வி போலத்தான் பார்த்தாள். பிறகு அது கேள்வியாக இல்லை.

“உங்களுக்கு ரெண்டு பாசையும் தெரியுமுங்களே” என்றாள்.

நான் எழுந்தேன். “இரு, நான் போய்ப் பேசுறேன்” என்றேன். ஷூவைக் காலில் போட்டுக் குனிந்து கயிற்றைக் கட்ட ஆரம்பித்தேன். வெறுங்காலோடு இறங்கியிருக்கலாம். நான் கயிற்றைக் கட்டினேன். ஒன்றைக் கட்டி, சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினேன். கீழே அவன் குரல் தாழ்ந்தது. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அடுத்த ஷூவை எடுத்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். படியில் அவள் ஓடும் சத்தம் கேட்டது. நான் கீழே போனபோது வாசல் திறந்து கிடந்தது. மேனேஜர் வாசலைக் கையால் காட்டினார். சரிவில் பாதிவரை போய்ப் பார்த்தேன். கடைவீதியில் மழையும் மேகமும் கலந்து எதுவும் தெரியவில்லை. “ஏனுங்க, புள்ள, நில்லுங்க” என்று அவள் கூப்பிடுவது மட்டும் கேட்டது. ஒருமுறை ஆற்றுப் பக்கமிருந்து, ஒருமுறை ஜீப் நிற்கும் பக்கமிருந்து. அவர்களின் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. பெயர் தெரியாமல் யாரை எப்படிக் கூப்பிடுவது?

திரும்பி வந்தபோது உடம்பு முழுக்க நனைந்திருந்தாள். சின்னக்கானல் பக்கம் போகிற லாரி ஒன்றில் ஒரு ஆணும் பெண்ணும் ஏறியதாக வெற்றிலைக் கடைக்காரர் சொன்னாராம். அவர்கள்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. இதை என்னிடம் சொல்லவில்லை, மேனேஜரிடம் மலையாளத்தில் சொன்னாள். கட்டிலில் படுக்கவில்லை. அடுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். துணியை மாற்று என்று சொன்னேன். மாற்றவில்லை. சன்னலைச் சாத்தினேன்.

காலையில் அவளே முன்னால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நேற்று வந்த பெண்ணைப் பற்றிக் கேட்டாள். நர்ஸுக்கு நினைவிருந்தது. “இன்னு வரான் பறஞ்ஞதாணு. வந்நில்லா” என்றாள். இன்று வரச் சொன்னோம், வரவில்லை. மதியம் வரை அங்கேயே வாசலில் நின்றோம். ஜீப் வரும்போதெல்லாம் அவள் ஓரடி முன்னால் வைப்பாள். அந்தப் பெண் வரவில்லை. உடுமலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிறகு நான் சின்னக்கானலுக்கு எத்தனையோ முறை போனேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், கிறிஸ்தவன், மனைவிக்குப் பிரசவம் என்று லயங்களில் விசாரித்தேன். “சங்கரங்கோயில்காரன்தான் சார் இங்க பாதி” என்றார்கள். பிரசவம் இல்லாத லயமும் இல்லை. நான் நிஜமாகத் தேடினேனா, தேடினேன் என்று சொல்லிக்கொள்வதற்காகத் தேடினேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தை பிறந்திருந்தால் இன்று அதற்குத் தலை நரைக்கும் வயது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்த மாதமும் நான் அதே லாட்ஜில்தான் தங்கினேன். அன்றிலிருந்து நான் எதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. வெந்நீர் கதவுக்கு வெளியே ஆவி பறக்க நின்றது. காப்பி படுக்கைக்கு வந்தது. மூலை அறை எனக்காகக் காலியாக இருந்தது. மேனேஜர் என்னை ‘அவகாசம் சார்’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ‘சார்’ என்று மட்டும் சொன்னார், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல். பலகையில் எழுதியிருந்த அத்தனையும் எனக்கு நடந்தது. வேலையை விடும்வரை நான் அந்த அறையில்தான் படுத்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் படித்த படிப்பு விடாது. அவள் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவள் என்னோடு சண்டை போட்டதில்லை, முகம் சுளித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் இருந்தாள். ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். ‘நேரம் இல்லீங்க’ என்பாள், ‘டைம் ஆகுமுங்க’ என்பாள். அவகாசம் என்ற சொல் அவள் வாயிலிருந்து பிறகு வரவே இல்லை. பேச்சு வாக்கில் வேறு யாராவது சொன்னால் கையில் உள்ள வேலையைப் பார்ப்பாள்.

போன வருஷம் அவளைப் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். டாக்டர் சின்னப் பெண், தெற்கே எங்கோ ஊர், தமிழ் வராது. பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு கட்டில் பக்கம் வந்து நின்று, யாரிடம் பேசுவது என்று தயங்கினாள். என் மனைவி என்னைக் கையால் காட்டினாள்.

“அவருகிட்டச் சொல்லுங்கம்மா” என்றாள், தமிழிலேயே. “அவருக்கு ரெண்டு பாசையும் தெரியுமுங்க.”

டாக்டர் என்னிடம் மெதுவாக, சுற்றி வளைக்காமல், எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னாள். கட்டிலுக்கும் எனக்கும் இடையில் ஒரு கை தூரம்தான். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது, ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. டாக்டர் போன பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க சொல்லுறாங்க?”

நான் நாற்காலியை இழுத்துக் கிட்டே உட்கார்ந்தேன்.

“அவகாசம் இல்லையாம்” என்றேன்.

“ம்” என்றாள். பிறகு கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க முடியாமல் போயிற்று.